மைக்கைத் திறக்கும் அதிகாரம்: குரல் அறைகளில் யார் பேசுவது?

(மாணவர் வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



இணையக் குரல் அறைகளில் பேச்சுரிமையைப் பகிர்ந்து கொடுப்பது எப்படி என்று பேசச் சொல்லியிருக்கீங்க. தலைப்பைக் கேட்டதும் ரெண்டு மூணு தோழர்கள் சிரிச்சாங்க. 'ஆயிரம் பிரச்சினை கிடக்குது, செல்போன்ல யாரு மைக்கை யாரு திறக்கிறதுன்னு பேச வந்துட்டாரு' என்று. சிரிக்கட்டும். ஒரு கூட்டத்தில் யார் பேசலாம், எப்போது பேசலாம், யாரைக் கேட்டுக்கொண்டு பேசலாம் என்று முடிவு செய்கிறவர் கையில்தான் அந்தக் கூட்டத்தின் அதிகாரம் இருக்கிறது. மந்தையில் கூடும் ஊர்க்கூட்டம் முதல் பல்கலைக்கழகக் கருத்தரங்கு வரை இதுதான் நிலைமை. ஊர்க்கூட்டத்தில் நம்ம தாத்தாமார்களை யாரும் 'பேசாதே' என்று சட்டம் போட்டுத் தடுக்கவில்லை. நிற்கிற இடத்தை ஓரமா வச்சாங்க. அது போதுமானதாக இருந்தது.

அதனால் நிற்கிற இடத்தைப் பற்றி, அதாவது அறையின் அமைப்பைப் பற்றி, நாம் பேசித்தான் ஆகணும்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது நம் வாசிப்பு வட்டங்கள், படிப்பு வட்டங்கள் எல்லாம் கதவடைத்துக்கொண்டன. அப்போதுதான் பலரும் குரல் அறைகளுக்குள் வந்தோம். அந்த ஆண்டு தொடங்கிய கிளப்ஹவுஸ், 2021 மே மாதம் ஆண்ட்ராய்டு போனுக்கு வந்த பிறகுதான் நம்ம பிள்ளைங்க கைக்கு எட்டியது. டெலிகிராம் குரல் அரட்டையில் கை தூக்கும் வசதி 2021-ல் வந்தது. இன்றைக்கு எக்ஸ் என்று பெயர் மாறியிருக்கிற ட்விட்டரில் 'ஸ்பேசஸ்' வந்தபோது ஒரு ஹோஸ்ட், பத்துப் பேச்சாளர் என்று 11 பேருக்குத்தான் மேடை வைத்தார்கள். மற்றவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தாலும் கேட்பவர்கள்தான். டிஸ்கார்ட் 2015-ல் கணினி விளையாட்டுக்காரர்களுக்காகத் தொடங்கப்பட்டது. பிறகு அதைப் படிப்பு வட்டங்களும் எடுத்துக்கொண்டன. 2021-ல் அதிலும் 'ஸ்டேஜ் சேனல்' என்ற மேடை அறை வந்தது.

பெயர் வேறு வேறு என்றாலும் அமைப்பு ஒன்றுதான். மேலே ஒரு மேடை, கீழே ஒரு அவை, இடையில் ஒரு வாசற்படி. அந்தப் படியில் யாரை நிறுத்துவது, அவருக்கு எவ்வளவு அதிகாரம் கொடுப்பது என்பதுதான் இன்றைய தலைப்பு. நான் டிஸ்கார்டை வைத்துப் பேசுகிறேன். நம்மில் நிறையப் பேர் புழங்குவது அதில்தான். அதிகாரத்தைத் துண்டு துண்டாக வெட்டிக் கொடுக்கிற வசதியும் அதில் நிறைய இருக்கிறது. வெட்டினால் எங்கே ஒழுகுகிறது என்பதையும் அதில் தெளிவாகப் பார்க்கலாம்.

டிஸ்கார்டில் ஒரு சர்வர் என்பது ஒரு ஊர் மாதிரி. அதற்குள் அறைகள், அதாவது சேனல்கள். ஆட்களுக்கு ரோல் என்று ஒரு பட்டையைக் கட்டிவிடுவார்கள். எந்தப் பட்டைக்கு என்ன செய்யலாம் என்று தனித்தனியாகப் பர்மிஷன்கள் உண்டு. அறைக்குள் நுழைய ஒன்று, பேச ஒன்று, மற்றவர் மைக்கை மூட ஒன்று, மற்றவரை அறையை விட்டு நகர்த்த ஒன்று. புதிதாக ஒரு சர்வர் தொடங்கினால் எல்லோருக்குமே பேசும் அனுமதி இருக்கும். அதை மறிப்பது பிறகு நாம் செய்கிற வேலை.

ஒவ்வொரு அறையிலும் ஒவ்வொரு பட்டைக்கும் மூன்று நிலை: அனுமதி, மறுப்பு, ரெண்டுமில்லாத நடுநிலை. ஒருவருக்கு ரெண்டு பட்டை இருந்து, ஒரே அறையில் ஒன்று 'பேசலாம்' என்றும் இன்னொன்று 'பேசக்கூடாது' என்றும் சொன்னால் எது செல்லும்? 'பேசலாம்' என்பதுதான் செல்லும். இது தெரியாமல் தொந்தரவு செய்தவருக்கு மறுப்புப் பட்டை ஒன்றைக் கட்டிவிட்டு, 'இன்னும் பேசிக்கிட்டே இருக்கானே' என்று முழிப்பவர்கள் உண்டு. ஆனால் தனி ஆளின் பெயரிலேயே மறுப்பு போட்டால், எந்தப் பட்டை இருந்தாலும் அது செல்லும். இதற்கெல்லாம் மேலே 'அட்மினிஸ்ட்ரேட்டர்' என்று ஒன்று இருக்கிறது. அது கையில் இருப்பவரை எந்த அறையின் மறுப்பும் கட்டுப்படுத்தாது. அதற்கும் மேலே சர்வரின் ஓனர். ஓனர் எப்போதும் ஒரே ஒரு கணக்குதான். கூட்டு ஓனர் என்ற பேச்சே கிடையாது. 'நம்ம வட்டத்துல தலைவரே இல்ல, எல்லாரும் சமம்' என்று சொல்கிற வட்டத்துக்கும் டிஸ்கார்டுக்குள் ஒரு ஓனர் இருக்கிறார். அவர் யார் என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? போய்ப் பாருங்க.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நமக்கு வேண்டியது சின்னது. அறையில் நாற்பது பேர் இருக்காங்க. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினா சந்தைக்கடை. அதனால் ஒரு தோழரை உட்கார வைக்கிறோம். கை தூக்கினவர்களை வரிசைப்படி பேச அழைக்க வேண்டும். அவ்வளவுதான் அவர் வேலை. யாரையும் வாயடைக்கிற அதிகாரம் அவருக்கு வேண்டாம். திறக்கிற அதிகாரம் மட்டும் போதும்.

அப்படி ஒரு தனிச் சாவி டிஸ்கார்டில் இல்லை.

மேடை அறையில் ஒருவரை மேலே அழைப்பதற்கு வேண்டிய பர்மிஷனின் பெயரே 'மியூட் மெம்பர்ஸ்', உறுப்பினர்களை ஊமையாக்கு. திறப்பதும் மூடுவதும் ஒரே சாவி. டிஸ்கார்ட் 'ஸ்டேஜ் மாடரேட்டர்' என்று சொல்வது மூன்று பர்மிஷன்களை ஒன்றாகக் கட்டிய கட்டு: சேனலை நிர்வகிப்பது, ஊமையாக்குவது, ஆட்களை நகர்த்துவது. வரிசை பார்க்க ஒரு பிள்ளையை உட்கார வைத்தால், அந்த அறையையே அழிக்கிற அதிகாரமும் அவர் கைக்குப் போய்விடுகிறது. கேட்டது விசிறி, கொடுத்தது வீட்டுப் பத்திரம்.

சரி, வேறு வழியில் போகலாம் என்று பட்டையைப் பிடிப்போம். 'பேச்சுமுறை' என்று ஒரு ரோல் வைத்து, அந்த ரோலுக்கு மட்டும் அந்த அறையில் பேச அனுமதி. வரிசைத் தோழர் அந்தப் பட்டையைக் கட்டிவிட்டால் பேசலாம், அவிழ்த்தால் முடிந்தது. ஆனால் பட்டை கட்ட வேண்டுமானால் அவருக்கு 'மேனேஜ் ரோல்ஸ்' வேண்டும். அது வந்துவிட்டால், அவருடைய பட்டைக்குக் கீழே இருக்கிற எல்லாப் பட்டைகளிலும் அவர் கை வைக்கலாம். எல்லோருக்குமான அடிப்படை ரோல் எப்போதும் அடியில்தான் கிடக்கும், அதையும் திருத்தலாம். அறைக்குள் மட்டும் பர்மிஷனை நிர்வகிக்க விட்டால் இதைவிடக் குறுக்கமாக நிற்கும். ஆனால் அதிலும் 'அனுமதி' பக்கத்திலேயே 'மறுப்பு' இருக்கிறது.

மூன்றாவது வழி, பாட். ஒரு சிறிய நிரலை எழுதி, ஊமையாக்கும் சாவியை அதன் கையில் கொடுத்துவிடுவது. வரிசைத் தோழர் பாட்டுக்குக் கட்டளை மட்டும் போடுவார்: 'இன்னாரைத் திற.' மூடச் சொல்கிற கட்டளையையே அதில் எழுதாமல் விட்டுவிடலாம். எந்தக் கட்டளையை எந்த ரோல், எந்த அறையில் பயன்படுத்தலாம் என்று சர்வர் அமைப்பிலேயே கட்டுப்படுத்தவும் முடியும். நமக்கு வேண்டிய குறுகிய அதிகாரத்துக்கு மிக அருகில் வருவது இதுதான். ஆனால் சாவி காணாமல் போய்விடவில்லை, பாட் எழுதினவர் கைக்கு நகர்ந்திருக்கிறது. அவர் யார், நிரல் எங்கே ஓடுகிறது, நாளைக்கு அவர் வேலைக்குப் போய்விட்டால் யார் பார்ப்பது என்ற கேள்விகள் பாக்கி நிற்கும்.

இவ்வளவு நுணுக்கம் எதுக்கு தோழர், நல்ல ஆளாப் பார்த்துக் கொடுத்தா முடிஞ்சதுல்ல என்று கேட்பீங்க. நல்ல ஆள் கையில் இருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் வட்டத்தில் ஒரு மாணவி. ஒரே அறை உள்ள வீடு. அவர் மைக்கைத் திறந்தால் தம்பி அழுவது கேட்கும், பக்கத்து வீட்டு டிவி கேட்கும், தெருவில் தண்ணி லாரி வந்தால் அதுவும் கேட்கும். ஒரு வெள்ளிக்கிழமை வாசிப்பில், அந்த அறைக்கு மட்டும் பொறுப்பு கொடுக்கப்பட்டிருந்த தோழர் 'சத்தம் வருது' என்று அவரை மியூட் செய்தார். கெட்ட எண்ணம் ஏதுமில்லை. பிறகு மறந்துபோச்சு. கூட்டம் முடிஞ்சது, எல்லாரும் போயாச்சு. அடுத்த புதன்கிழமை வேறொரு அறையில் அந்த மாணவி கட்டுரை படிக்க வேண்டும். வந்தார். அவர் பெயருக்குப் பக்கத்தில் மைக் சிவப்பாக இருந்தது. படித்தார், ஒருவருக்கும் கேட்கவில்லை. காரணம் இதுதான்: இன்னொருவர் செய்கிற மியூட் ஒரு அறையோடு நிற்பதில்லை. அது சர்வர் மியூட். அந்த சர்வரின் எல்லாக் குரல் அறைகளுக்கும் ஆளோடு கூடவே போகும். தானாக முடியாது. அவர் ஏதாவது ஒரு குரல் அறைக்குள் இருக்கும்போது, அதிகாரம் உள்ள ஒருவர்தான் எடுத்துவிட வேண்டும். புதன்கிழமை அறையில் அந்த அதிகாரம் உள்ளவர் யாருமே இல்லை.

ஒரு அறைக்கு என்று கொடுத்த அதிகாரம், ஊர் முழுக்கச் செல்லுபடியாகிற தண்டனையாக மாறிவிட்டது. கொடுத்தவருக்கும் தெரியாது, பயன்படுத்தினவருக்கும் தெரியாது. அனுபவித்தவருக்கு மட்டும் தெரிந்தது. தன்னை வேண்டுமென்றே வாயடைத்ததாக அவர் நினைத்துக்கொண்டு ரெண்டு மாதம் வரவேயில்லை. அவரைக் குறை சொல்ல முடியுமா? வகுப்பறையில் வாயைத் திறந்தால் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிப்பார்கள், 'எந்த ஊரு, எந்தத் தெரு' என்று விசாரிப்பார்கள். அதையெல்லாம் தாண்டி வந்த பிள்ளைக்குச் சிவப்பு மைக் என்னவாகத் தெரியும்?

'சத்தம்' என்ற சொல்லையும் கொஞ்சம் கேள்விக்குட்படுத்த வேண்டும். தனி அறை, கதவு, ஃபேன், நல்ல ஹெட்செட் உள்ளவர் குரல் சுத்தமாக வரும். ஒரே அறையில் ஆறு பேர் வாழ்கிற வீட்டிலிருந்து வருகிற குரல் வீட்டோடு சேர்ந்துதான் வரும். சத்தத்தை அளவுகோலாக வைத்து மியூட் செய்தால், நாம் வீட்டை அளந்து ஆளை ஒதுக்குகிறோம். 2020-லிருந்து டிஸ்கார்டில் கிரிஸ்ப் என்ற இரைச்சல் நீக்கி இருக்கிறது. அதைப் போடச் சொல்லிக்கொடுக்கலாம். தானாகக் குரல் பிடிக்கும் பர்மிஷனை அந்த அறையில் எடுத்துவிட்டால், பொத்தானை அழுத்திப் பிடித்தால்தான் குரல் போகும். எல்லோருக்கும் அப்படி வைத்தால் எல்லோரும் சமமாக அழுத்திப் பிடிப்பார்கள், யாருடைய வாயும் மூடப்படாது. இதெல்லாம் செய்து பார்த்த பிறகுதான் மியூட்.

மியூட் என்றால் ஊமை. அம்பேத்கர் 1920 சனவரி 31-ல் தொடங்கிய மராத்தி இதழுக்கு வைத்த பெயர் 'மூக்நாயக்', ஊமைகளின் நாயகன். வாயில்லாமல் பிறந்தவர்களைப் பற்றிய பெயரல்ல அது. பேச இடமில்லாமல் ஆக்கப்பட்டவர்களைப் பற்றியது. அந்த வரலாற்றிலிருந்து வருகிற நாம், ஊமையாக்கும் பொத்தானை விளையாட்டாக ஆள் ஆளுக்குக் கொடுத்துவிட முடியாது.

அப்படியானால் அதிகாரமே வேண்டாம், எல்லாரும் இஷ்டத்துக்குப் பேசட்டும் என்று ஒரு தோழர் சொன்னார். அதுவும் நடக்கிற காரியமில்லை. திறந்து போட்ட அறைக்குள் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவதற்கென்றே சிலர் வருவார்கள். அவர்களை அந்த நொடியிலேயே மூடத்தான் வேண்டும். வெளியாள் யாரும் வராவிட்டாலும், கட்டுப்பாடில்லாத அறையில் சத்தமாகப் பேசுகிறவர், இங்கிலீஷ் கலந்து சரளமாகப் பேசுகிறவர், ஏற்கனவே பேசிப் பழகினவர் ஆகியோர்தான் பேசுவார்கள். அமெரிக்கப் பெண்ணியவாதி ஜோ ஃப்ரீமன் 1970 மே மாதம் மிசிசிப்பியில் ஒரு மாநாட்டில் இதைப் பற்றிப் பேசினார். 'கட்டமைப்பின்மையின் கொடுங்கோன்மை' என்ற பொருளில் தலைப்பு வைத்து அது பின்னால் கட்டுரையாக வந்தது. அவருடைய வாதத்தின் சாரம்: அமைப்பே இல்லாத குழு என்று ஒன்று கிடையாது. வெளிப்படையான அமைப்பு இல்லாத இடத்தில் நட்பு வளையம் ஒன்று மறைவாக ஆட்சி செய்யும். மறைவாக இருப்பதால் அதை யாரும் கேள்வி கேட்க முடியாது. தீர்வாக அவர் சொன்னவற்றில் முதன்மையானது, குறிப்பிட்ட வேலைக்குக் குறிப்பிட்ட அதிகாரத்தைக் குறிப்பிட்ட ஆளிடம் குழுவே முறைப்படி ஒப்படைப்பது. ஒப்படைக்கப்பட்டவர் ஒப்படைத்தவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும், பொறுப்பு பலரிடம் பரவ வேண்டும், சுழற்சியில் மாற வேண்டும். குரல் அறை என்ற ஒன்று வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்னால் சொன்னது, நம்ம அறைக்கு அப்படியே பொருந்துகிறது.

இன்னொரு உதாரணம். 2011 செப்டம்பரில் நியூயார்க் வால் ஸ்ட்ரீட் பக்கத்தில் ஜுக்காட்டி பூங்காவில் உட்கார்ந்தவர்களுக்கு ஒலிபெருக்கி வைக்க அனுமதி இல்லை. ஒருவர் ஒரு வாக்கியம் சொல்வார், சுற்றி இருப்பவர்கள் அதைச் சேர்ந்து திருப்பிச் சொல்வார்கள். இப்படியே பின்வரிசை வரைக்கும் குரல் போகும். அங்கே பேச்சு வரிசையை எழுதுவதற்கென்றே ஒருவர் இருந்தார். அதிகம் பேசாதவர்கள், ஒதுக்கப்பட்ட பிரிவுகளைச் சேர்ந்தவர்கள் ஆகியோரை வரிசையில் முன்னுக்குக் கொண்டுவருவது அவர் வேலை. அவரிடம் மைக் இல்லை, பட்டியல் மட்டும் இருந்தது. வரிசையை மாற்றலாம், யாருடைய வாயையும் அடைக்க முடியாது. இந்தப் பிரிவினைதான் நமக்குத் தேவை. மென்பொருள் அதைத் தரவில்லை என்றால் நம் விதிகளால் அதை உண்டாக்க வேண்டும்.

எங்கள் வட்டத்தில் அந்தச் சம்பவத்துக்குப் பிறகு பேசி முடிவு செய்தவற்றைச் சொல்கிறேன். வேதவாக்கு இல்லை, உங்க அறைக்கு ஏற்றபடி மாத்திக்கலாம்.

ஒன்று. பட்டியல் எழுதுகிறவரும் சாவி வைத்திருப்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. பட்டியல்காரருக்கு எந்தப் பர்மிஷனும் வேண்டாம், எழுத்து அறையில் பெயர்களை வரிசையாகப் போட்டால் போதும். சாவிக்காரர் அந்த வரிசைப்படி மட்டும் திறப்பார். வரிசையில் முதல் முறை பேசுகிறவர், ரெண்டாம் முறை பேசுகிறவருக்கு முன்னால்.

இரண்டு. அதிகாரம் ஒரு அறைக்கு, ஒரு கூட்டத்துக்கு. டிஸ்கார்ட் ரோலுக்குத் தானாகக் காலாவதி ஆகிற தேதி கிடையாது, நாம்தான் கழற்ற வேண்டும். கூட்டம் முடிந்தவுடன், எல்லோரும் இருக்கும்போதே கழற்றணும். 'அடுத்த வாரமும் அவர்தானே, இருக்கட்டும்' என்று விட்டால் அது பதவி ஆகிவிடும்.

மூன்று. யாரை மியூட் செய்தாலும் காரணத்தைச் சத்தமாகச் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். பெயரை எழுத்து அறையில் எழுத வேண்டும். கூட்டத்தைக் கலைக்கும் முன் பட்டியலைப் பார்த்து எல்லா மியூட்டையும் எடுக்க வேண்டும், ஆள் அறைக்குள் இருக்கும்போதே. உண்மையிலேயே தண்டிக்க வேண்டிய ஆளுக்கு டைம்அவுட் இருக்கிறது. 2021 டிசம்பரில் வந்த வசதி, அதிகபட்சம் 28 நாள். அதற்கு முடிவுத் தேதி உண்டு. முடிவுத் தேதி இல்லாத தண்டனையைவிட அது நியாயமானது.

நான்கு. சாவி மாறி மாறிப் போகணும். பேசத் தயங்குகிறவர்களிடமும் போகணும். ஒருமுறை சாவியைப் பிடித்துப் பார்த்தவருக்கு அதன் மேல் இருக்கிற பயமும் மரியாதையும் சரியான அளவுக்கு வரும். அந்த மாணவி திரும்பி வந்த பிறகு முதலில் எடுத்துக்கொண்டது பட்டியல் வேலையைத்தான். இப்போது யாருடைய பெயர் விட்டுப்போச்சு என்று அவர் கண்ணுக்குத் தப்புவதில்லை.

ஐந்து. யார் யாரை எப்போது மியூட் செய்தார்கள் என்பது 'ஆடிட் லாக்' என்ற பதிவேட்டில் ஏறும். 45 நாள் வரைதான் அங்கே இருக்கும். அதைப் பார்க்கும் அனுமதியைப் பொறுப்பில் இல்லாத இரண்டு உறுப்பினர்களுக்குக் கொடுத்திருக்கிறோம். மாதம் ஒருமுறை அவர்கள் படித்துக் காட்டுவார்கள். கணக்குக் கேட்கும் உரிமை இல்லாமல் ஒப்படைப்பு என்பதற்கு அர்த்தம் இல்லை. அட்மினிஸ்ட்ரேட்டர் பர்மிஷனைக் கூட்டம் நடத்துவதற்காக யாருக்கும் கொடுப்பதில்லை.

ஒன்றை மட்டும் எந்தச் சாவியாலும் செய்ய முடியாது. ஒருவர் தன் மைக்கைத் தானே மூடி வைத்திருந்தால், ஓனரே வந்தாலும் அதைத் திறக்க முடியாது. மேடைக்கு அழைக்கலாம், ஏறுவதா வேண்டாமா என்பது அவர் முடிவு. அது சரியானதுதான். ஆனால் நம் வேலை அங்கேதான் தொடங்குகிறது. அனுமதி கொடுத்துவிட்டோம், இனிமேல் பேசாதது அவர் குற்றம் என்று கை கழுவ முடியாது. அழைத்துவிட்டு அரை நிமிடம் சும்மா காத்திருக்கத் தெரிய வேண்டும். குரல் அறையில் அரை நிமிட மௌனம் ரொம்ப நீளமாத் தெரியும். அதைத் தாங்கிக்கொள்ளத் தெரியாதவர்கள் உடனே உள்ளே புகுந்து பேசிவிடுகிறார்கள். எந்தப் பர்மிஷனையும் மாற்றாமலே அங்கே ஒருவர் ஊமையாக்கப்படுகிறார்.

இந்த அறைகள் நம்முடையவை அல்ல, கம்பெனிகளுடையவை. பர்மிஷன்களின் பெயரையும் கட்டையும் அவர்கள் நாளைக்கே மாற்றலாம். அப்போது இங்கே நான் சொன்ன பொத்தான் விவரங்கள் பழசாகிப் போகும், போகட்டும். சாவியைச் சின்னதாக வெட்டு, தேதி போட்டுக் கொடு, கணக்குக் கேள், கை மாற்று: இந்த நான்கும் எந்த அறைக்கும், கூரை போட்ட கூட்டத்துக்கும் பொருந்தும்.

நான் பேச வேண்டியதைப் பேசிட்டேன், நேரமும் தாண்டிடுச்சு. எதிர்க்கருத்து இருக்கும், இருக்கணும். பட்டியல் எழுதுகிற தோழர் கேள்விகளைப் பின்வரிசையிலிருந்து எடுக்கட்டும். இதுவரைக்கும் இந்தக் கூட்டத்தில் ஒருமுறைகூடப் பேசாதவங்க முதல்ல. நாங்க காத்திருக்கோம்.